கேட் திறந்தாலும் ஓடாத நாய்: செம்பனுக்குப் பொறுமை பழக்கிய விதம்

எங்கள் முந்தைய நாய் ராணி எலி மருந்து தின்று செத்தாள். எங்கள் தாமானின் (குடியிருப்பின்) பின்பக்கக் கால்வாயைத் தாண்டினால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் காடு. மரத்தடியில் எலிக்காக வைக்கிற, சாயம் போட்ட மெழுகுக் கட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தாள். “என்ன அது, துப்பு துப்பு” என்று கத்திக்கொண்டே துரத்தினேன். நான் துரத்தத் துரத்த அவள் ஓடினாள். ஓடிக்கொண்டே விழுங்கினாள். அடுத்த இரண்டு நாளும் நன்றாகத்தான் இருந்தாள், வாலை ஆட்டினாள், சோறு தின்றாள். நாலாம் நாள் காலையில் ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தது. ஈப்போவுக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தோட்டத்தை ஒட்டி வாழ்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரத்தம் உறைய உடம்புக்கு வைட்டமின் கே தேவை. அந்த வகை எலி மருந்து அதை வேலை செய்ய விடாமல் தடுத்துவிடுகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் உறைபொருள் தீரும்வரை நாய் சுகமாகவே தெரியும். அதனால் தின்றதைப் பார்த்தால், ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மருந்தின் உறையோ மிச்சத் துண்டோ கிடைத்தால் அதையும் எடுத்துப்போங்கள். நேரத்தோடு போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும். எனக்கு அப்போது அது தெரியாது.

எனக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. நாயைத் துரத்தினால் அது வாயிலிருப்பதை வேகமாக விழுங்கும். ராணி போன பிறகு என் தலைக்குள் ஓடியது இதுதான்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். செம்பனை ஆலையில், குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போடும் இடத்தில் வேலை. ராணி போய் ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு லோரிக்காரர் செம்பனை மரத்தடியில் கிடந்ததாகச் சொல்லி ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருந்தது. செம்பன் என்று பெயர் வைத்தோம். இப்போது அவனுக்கு இரண்டரை வயது.

நாய்க்கு ‘கை கொடு’, ‘உருளு’ எல்லாம் பிறகு சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம். முதலில் பழக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஆசைப்பட்ட பொருள் கண்ணெதிரே இருக்கும்போது ஒரு நொடி நிற்பது. அந்த ஒரு நொடி கிடைத்தால்தான் நம் குரல் அதன் காதில் விழும். கேட்டில் காத்திருப்பது, ஆள்மேல் பாயாமல் இருப்பது, வாயில் எடுத்ததைக் கீழே போடுவது எல்லாம் அந்த ஒரு நொடியை நீட்டி நீட்டி வளர்ப்பதுதான்.

அம்மா பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்தில், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் தோறும் ஒரு நாய் சங்கிலியில் கிடக்கும். தப்பு செய்தால் ரோத்தான் (பிரம்பு), இல்லாவிட்டால் சிலிப்பர். அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு நேரமும் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. ஆனால் அடி வாங்கிய நாய் கற்றுக்கொள்வது ‘இதைச் செய்யக் கூடாது’ என்பதை அல்ல. ‘இவர்கள் பார்க்கும்போது செய்யக் கூடாது’ என்பதை. எடுத்ததை ஒளித்து வைக்கும், கூப்பிட்டால் வராது. செம்பன் மேல் நான் கை வைத்ததில்லை.

தேவையான பொருள் அதிகமில்லை. கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, கொண்டைக்கடலையில் பாதி அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பயிற்சிக்கு அவனுடைய வழக்கமான தீனியே போதும். அன்றைய பங்கிலிருந்து ஒரு பிடியை ஒதுக்கி வைத்தால் உடம்பும் ஏறாது. நெத்திலி உப்பு அதிகம். வெங்காயம் சேர்ந்தது, சாக்லேட், திராட்சை எதுவும் கூடாது, அவை நாய்க்கு விஷம்.

அப்புறம் ஒரு சத்தம். அவன் சரியாகச் செய்த அந்தக் கணத்திலேயே நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டொக்’ என்று ஒலி எழுப்புவேன், உடனே ஒரு துண்டு கொடுப்பேன். கை டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கும்போது கணம் தவறிவிடும், நாக்கு தவறாது. முதல் நாள் வேறொன்றும் கேட்காமல், டொக், துண்டு, டொக், துண்டு என்று இருபது தடவை கொடுங்கள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் வந்துவிடும்.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். ‘காத்திருந்தது போதும், இனி போகலாம்’ என்று விடுவிக்க ஒரு சொல் வேண்டும். நான் ‘சரி’யை வைத்தேன். நம் வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சரி! கேட்டருகே அழகாக உட்கார்ந்திருந்தான். நான் போனில் அக்காவிடம் “சரி சரி, அப்புறம் பேசறேன்” என்றேன். அவன் எழுந்து தெருவுக்குப் போய்விட்டான். நான் சொன்னதைத்தான் அவன் செய்தான். அதற்குப் பிறகு ‘ஜோம்’ என்று மாற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குள் தமிழ்தான், அந்த மலாய்ச் சொல் தற்செயலாக வாயில் வராது. அதேபோல் கூப்பிடுவதற்கு ‘வா’வும் உதவாது. வருகிற எல்லோரையும் வா, வாங்க என்கிறோம். அவனைக் கூப்பிட நான் விசில் வைத்திருக்கிறேன்.

முதல் பாடம் மூடிய கை. தரையில் உட்கார்ந்து, ஈரல் துண்டு ஒன்றைக் கைக்குள் மூடி அவன் மூக்கருகே நீட்டுங்கள். நக்குவான், பிறாண்டுவான், மெல்லக் கடித்துப் பார்ப்பான். ஒரு சொல்லும் பேசாதீர்கள், கையை இழுக்காதீர்கள். ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் மூக்கை ஒரு விரற்கடை பின்னால் எடுப்பான். அதே நொடியில் டொக், மறு கையிலிருந்து துண்டு. அவ்வளவுதான். ‘வேண்டாம்’, ‘நோ’ எதுவும் தேவையில்லை. பாய்ந்தால் கை மூடும், பின்வாங்கினால் கை திறக்கும் என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். தானாகக் கண்டுபிடித்ததை நாய் எளிதில் மறப்பதில்லை.

நான் எடைச் சீட்டு எழுதியே பழகியவள், இதையும் ஒரு நோட்டில் எழுதினேன். முதல் நாள் முதல் தடவை செம்பன் ஒன்றரை நிமிடம் என் கையோடு போராடினான். ஐந்தாவது தடவை பத்து நொடி. மறுநாள் கையை நீட்டியதுமே மூக்கை எடுத்து என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலாம் நாள் உள்ளங்கையை விரித்து வைத்தேன், ஐந்து எண்ணும்வரை இருந்தான். பாய்ந்தால் விரல்களை மூடுவேன், அவ்வளவே. அடுத்து துண்டைத் தரையில் வைத்துக் கையால் மறைப்பது, பிறகு கையை எடுத்துவிடுவது. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும், நாளைக்கு மூன்று தடவை. எட்டில் ஆறேழு முறை சரியாக வந்தால்தான் ஒரு படி ஏற வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து தவறினால் ஒரு படி இறங்குங்கள். லோரி மேடையில் ஏறியதும் எண் ஆடும், நிலைத்த பிறகே எழுத வேண்டும். இங்கேயும் அதேதான்.

முன்னால் பலன் கொடுத்த ஒன்று திடீரென்று பலன் கொடுக்காமல் போனால் நாய் முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்யும். இரண்டாம் வாரத்தில் பலர் கைவிடுவது இதனால்தான். ‘பழக்கத் தொடங்கிய பிறகுதான் அதிகமாகக் குதிக்கிறது’ என்பார்கள். அணையப்போகிற விளக்கு அப்படித்தான் எரியும். அந்த நேரத்தில் மனம் இளகி ஒரு துண்டு கொடுத்துவிட்டால், இவ்வளவு பலமாகக் கேட்டால்தான் கிடைக்கும் என்று அவன் எழுதி வைத்துக்கொள்வான்.

அடுத்தது சோற்றுத் தட்டு. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லக் கீழே இறக்குங்கள். எழுந்தால் தட்டு மேலே போகும், உட்கார்ந்தால் கீழே வரும். தரையைத் தொட்டதும் ஒரு நொடி, பிறகு ‘ஜோம்’. இரண்டு வாரத்தில் ஐந்து நொடி வரைக்கும் கொண்டுபோகலாம். அதற்கு மேல் வேண்டாம். எச்சில் வடிய நிமிடக்கணக்காக உட்கார வைத்து வீடியோ எடுப்பது எனக்குப் பிடிக்காத காரியம். பசியோடு இருப்பவனைக் காட்சிப்பொருளாக்குவது அது.

நாய் தின்னும்போது தட்டில் கையை விட்டுப் பழக்க வேண்டும், பாதியில் பிடுங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கை வந்தால் சோறு போகும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும், உறுமல் அங்கேதான் தொடங்குகிறது. தின்னும்போது அந்தப் பக்கம் நடந்துபோகிற போக்கில் ஒரு ஈரல் துண்டைத் தட்டில் போட்டுவிட்டுப் போங்கள். ஆள் வந்தால் நல்லது வரும் என்று நினைக்கட்டும்.

இனி கேட். எங்கள் தெருமுனை பெரிய சாலையில் சேருகிறது, காலை ஏழு மணிக்கே குலை லோரிகள் ஓடத் தொடங்கிவிடும். கேட் திறந்த இடைவெளியில் பாயும் நாய்க்கு இந்த ஊரில் ஆயுள் குறைவு. அதனால் இதற்கு நான் செலவழித்தது முழுதாக ஒன்றரை மாதம்.

கயிற்றை மாட்டிக்கொள்ளுங்கள், இது பாதுகாப்புக்கு மட்டும். இழுத்துப் பிடிக்க அல்ல. கேட்டிலிருந்து இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். அவன் உட்காரும்வரை காத்திருங்கள், சொல்ல வேண்டாம், தானாக உட்காருவான். தாழ்ப்பாளில் கை வையுங்கள். எழுந்துவிட்டானா, கையை எடுத்துவிடுங்கள். உட்கார்ந்திருக்கிறானா, டொக், துண்டு. அடுத்தது தாழ்ப்பாளின் சத்தம். செம்பனுக்கு மிகக் கடினமாக இருந்தது அந்த ‘கிறீச்’ சத்தம்தான், அது மட்டும் நாலு நாள் பிடித்தது. பிறகு கேட் ஒரு சாண் திறப்பது, முழுக் கதவும் திறப்பது, நான் ஒரு காலை வெளியே வைப்பது, நான் முழுதாக வெளியே நிற்பது. ஒவ்வொரு கட்டத்திலும் எழுந்தால் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்துவேன், மூக்கில் இடிக்காமல். கோபமில்லை, பேச்சில்லை. உட்கார்ந்தால் மறுபடி திறக்கும். கொஞ்ச நாளில் ஈரலே தேவைப்படவில்லை. ‘ஜோம்’ என்றதும் கிடைக்கிற வெளி உலகமே அவனுக்குப் பெரிய கூலி.

கயிறில்லாமல் இதைச் சோதித்துப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். கயிறு இருந்தும் தேவைப்படவில்லை என்ற நிலைதான் நமக்கு வேண்டியது.

ஆள்மேல் பாய்வதைப் பற்றி. எங்கள் பக்கத்து வீடு ஒரு மக்சிக்கின் (மலாய்க்கார அம்மாவின்) வீடு, இருபது வருடப் பழக்கம். நோன்புப் பெருநாளைக்கு அங்கிருந்து லெமாங் (மூங்கிலில் சுட்ட சோறு) வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டுவிட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். தொழுகைக்குப் புறப்பட்டு நிற்கிற மனுஷி மேல் நம் நாய் அன்பாகத்தான் பாய்ந்தது என்பது சமாதானமாகாது. நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுத்து, தடுப்பூசி போட்டு, கழுத்தில் வில்லை மாட்டினால் மட்டும் நல்ல நாய் ஆகிவிடாது. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பயமில்லாமல் துணி காயப்போட முடிய வேண்டும்.

நாய் பாய்வது நம் முகத்துக்காக. தள்ளினாலும் திட்டினாலும் முகம் கிடைத்துவிடுகிறது. அதனால் பாய்ந்ததும் கைகளை மடித்து, உடம்பைத் திருப்பி, மரம்போல் நில்லுங்கள். நாலு காலும் தரைக்கு வந்த நொடியில் குனிந்து தடவிக்கொடுங்கள். துண்டையும் தரையில் போடுங்கள், கண் கீழே போகும். விருந்தாளி வருவதற்கு முன் முற்றத்துத் தூணில் கயிற்றைக் கட்டிவிட்டு, “அவன் கால் கீழே இருந்தால் மட்டும் கிட்ட வாங்க, தூக்கினா நின்னுடுங்க” என்று சொல்லி வையுங்கள். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்து முடித்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் “பரவாயில்ல, எனக்கு நாய்னா பிடிக்கும்” என்று சொல்லிக் கெடுப்பார்கள். அந்தப் பரவாயில்லையை அனுமதிக்காதீர்கள்.

மக்சிக் விஷயத்தில் அதுவும் போதாது, கிட்டவே போகக் கூடாது. அதற்குத்தான் சாக்கு. பழைய கோணிச்சாக்கு ஒன்றை முற்றத்து மூலையில் விரித்து, அவன் அதன்மேல் கால் வைத்தால் டொக், படுத்தால் இரண்டு துண்டு என்று பழக்கினேன். ‘சாக்கு’ என்றால் போய்ப் படுக்க வேண்டும், ‘ஜோம்’ கேட்கும்வரை இருக்க வேண்டும். மாலையில் ரொட்டி பாய் மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவார். செம்பன் கேட்டில் முன்காலைப் போட்டுக் குரைத்த குரைப்பில் எங்கள் வீட்டுப் பக்கம் அவர் நிற்பதையே விட்டுவிட்டார். அந்த ஹார்னைப் போனில் பதிவு செய்து, காதுக்கு எட்டியும் எட்டாத ஒலியில் போட்டு, உடனே ‘சாக்கு’ என்பேன். வாரம் வாரம் ஒலியைக் கூட்டினேன். மூன்று வாரத்தில் ஹார்ன் கேட்டால் அவனே சாக்கைத் தேடிப் போனான். பாயிடம் போய்ச் சொன்னேன். “நெசமாவா அக்கா?” என்று கேட்டார். மறுநாள் வந்து நின்று, தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஒரு கயா ரொட்டி கூடக் கொடுத்தார், எனக்குத்தான்.

நடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் பத்து நிமிடத்தில் நாலு வீட்டைத்தான் தாண்டுவீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். கழுத்தை நெரிக்கும் சங்கிலி வேண்டாம், மார்ப்பட்டை போதும். மோந்து பார்க்க விடுங்கள், அவனுக்கு அதுதான் பத்திரிகை படிப்பது. பகலில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்து எண்ண முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது.

‘விடு’ என்ற சொல்லுக்குத்தான் நான் அதிகம் உழைத்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்காத பொம்மை. வாயில் வைத்திருக்கும்போது ஈரலை மூக்கருகே காட்டுவேன். வாய் திறக்கும், ‘விடு’ என்பேன், டொக், துண்டு. அப்புறம் முக்கியமான வேலை: பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பத்தில் எட்டு முறை திருப்பிக் கொடுங்கள். விட்டால் இழப்பு என்று அவன் நினைத்துவிட்டால் எல்லாம் போச்சு. விட்டால் லாபம், சில நேரம் இரட்டை லாபம் என்று இருக்க வேண்டும். சில நாளில் ஈரலைக் காட்டாமலே சொல்லைச் சொல்லி, விட்ட பிறகு எடுத்துக் கொடுக்கலாம். பொம்மையிலிருந்து காகிதம், காகிதத்திலிருந்து சிலிப்பர், அதிலிருந்து கோழித் தோல் சுற்றிய பொட்டலம் என்று மதிப்பைக் கூட்டிக்கொண்டே போனேன். பிறகு நானே கால்வாய் ஓரத்தில் பொட்டலங்களை ஒளித்து வைத்து, கயிற்றோடு கூட்டிப்போனேன்.

ஒருபோதும் துரத்தாதீர்கள். வாயைப் பிளந்து எடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்ற ஒரு நேரம் தவிர. அப்போதும் முடிந்தால் ஈரல் டப்பாவை ஆட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள், அவன் உங்களைத் துரத்தட்டும்.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்காவிட்டால் இவ்வளவும் வீண். எங்கள் வீட்டில் அப்பா மேசைக்கடியில் தோசைத் துண்டைப் போடுவார். எண்பது வயதானவரைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. “அப்பா, அவன் சாப்பாட்டுக்கு ‘ஜோம்’ சொல்ற வேலை இனிமே உங்களோடது. நீங்க சொன்னாதான் அவன் சாப்பிடணும்” என்றேன். மறுநாளிலிருந்து அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடி எண்ணினார். தோசை நின்றுவிட்டது.

எட்டாம் மாதத்தில் செம்பன் எல்லாவற்றையும் மறந்தவன்போல் ஆனான். விசிலுக்குத் திரும்பவில்லை, கேட்டில் உட்காரவில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை இப்படி வரும், நம் பிள்ளைகளின் பதின்ம வயதுபோல. கடைசியாகச் சரியாக வந்த படிக்கு இறங்கி மறுபடி ஏறினேன். பாதி நாள் அவனுக்குத் தூக்கம்தான் குறைவாக இருந்தது. குட்டிகள் ஒரு நாளில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் தூங்கும், தூக்கம் கெட்டால் கடிக்கும், பாயும். நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கிற நாயிடமும் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள். மோந்து பார்க்க, கடித்து மெல்ல, ஓட அதற்கு இடம் கொடுத்துவிட்டு அப்புறம் பாடம் நடத்துங்கள்.

மூன்று மாதத்துக்கு முன் மழை விட்ட ஒரு காலை, கால்வாயோரம் நடந்துகொண்டிருந்தோம். கயிறு கையில்தான் இருந்தது. நான் குனிந்து சிலிப்பரைச் சரிசெய்த நேரத்தில் புல்லுக்குள் தலையை விட்டு எதையோ எடுத்தான். பார்த்தால் செத்த எலி. மருந்து தின்ற எலியைத் தின்றாலும் நாய்க்கு ஆபத்துதான். என் கால் ஓடத் துடித்தது. நின்றேன். சாதாரணக் குரலில் “விடு” என்றேன். என்னைப் பார்த்தான். ஒரு நொடி. எலி கீழே விழுந்தது. டப்பாவிலிருந்த ஈரல் முழுவதையும் அந்தச் சாலையோரத்திலேயே அவன் முன் கொட்டினேன். அப்படியும் வீட்டுக்கு வந்ததும் மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டேன்.

குரங்குகளிடம் மட்டும் இன்னும் முடியவில்லை. காட்டோரத்து மின்கம்பியில் அவை வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கண்டால் இவனுக்குக் காது கேட்பதில்லை. அதனால் அவன் இன்னும் கேட்கக்கூடிய தூரத்தில் நின்று தொடங்கியிருக்கிறேன். போன மாதம் அறுபது அடி. குரங்கைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தால் டொக். இந்த வாரம் ஐம்பது.